கடலூர்த் தண்ணீரும் காலைச் சமையலும்

கோவையிலிருந்து திருமணமாகிக் கடலூர் புதுப்பாளையத்துக்கு வந்து ஓராண்டு ஆன ஒரு தங்கை சில கேள்விகளை அடுக்கியிருக்கிறார். சிறுவாணித் தண்ணீரில் நான்கு விசிலில் குழைந்த துவரம்பருப்பு இங்கே ஏழு விசில் வைத்தாலும் முழுதாகவே நிற்கிறது. இட்லி மாவு விடிவதற்குள் புளித்துப் போகிறது. மீன் வறுத்தால் பாதி தோசைக்கல்லிலேயே தங்கிவிடுகிறது. இவற்றுக்கிடையே காலை ஏழரை மணிக்குள் நான்கு பேருக்குச் சிற்றுண்டியும் மதிய உணவும் முடித்துப் புதுச்சேரிக்குப் பேருந்து பிடிக்க வேண்டும். எளிய வழிகள் இருந்தால் சொல்லுங்கள் என்கிறார்.

முப்பது ஆண்டுகள் மனையியல் கற்பித்தவள் என்ற முறையிலும், அதைவிட அதிக காலம் இதே ஊர்த் தண்ணீரில் சமைத்தவள் என்ற முறையிலும் பதில் சொல்கிறேன். சமையல் குறிப்புகளை நூற்றுக்கணக்கில் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு என்ன செய்கிறது, புளிப்பு என்ன செய்கிறது, சூடு எங்கே நிற்கிறது என்ற மூன்றையும் புரிந்துகொண்டால், நீங்கள் கேட்ட பெரும்பாலான கேள்விகளுக்கு விடை உங்கள் கைக்கே வந்துவிடும்.

முதலில் பருப்பு. உங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடத்தின் அடியில் வெள்ளைப் படிவு விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், குற்றவாளி அதுதான். பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் பொருள் சூட்டில் கரைந்தால்தான் பருப்பு குழையும். கடினநீரில் உள்ள கால்சியம் அந்தப் பெக்டினைப் பிடித்து இறுக்கிவிடுவதால், எத்தனை விசில் வைத்தாலும் அது கரைய மறுக்கிறது. ஆகவே மற்ற எதற்கு எந்தத் தண்ணீரைப் பயன்படுத்தினாலும், பருப்புக்கும் கொண்டைக்கடலைக்கும் மட்டும் குடிப்பதற்கு வாங்கும் கேன் தண்ணீரையோ, சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வரும் தண்ணீரையோ, ஐப்பசி கார்த்திகையில் பிடித்து வைத்த மழைநீரையோ ஊற்றுங்கள். எதுவும் இல்லையென்றால் முந்தைய இரவே தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். சுண்ணாம்பில் ஒரு பகுதி அடியில் படிந்துவிடும், தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளலாம்.

இதில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடத்தில் பல மாதங்கள் கிடக்கும் பருப்பு தானாகவே வேகாத தன்மையை அடைந்துவிடும். கடலோரத்து வீடுகளில் இரண்டுக்கும் குறைவில்லை. கோவையில் உங்கள் அம்மா ஆண்டுக்கு ஒருமுறை மூட்டையாக வாங்கியிருக்கலாம். இங்கே மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைப்பதே நல்லது. பழைய பருப்பு கைவசம் இருந்தால், அரைமணி நேரம் வெந்நீரில் ஊறவிட்டு அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். ஆப்பசோடா போட்டால் விரைவில் வேகும் என்பது உண்மைதான். ஆனால் அது தையமின் என்னும் உயிர்ச்சத்தை அழிப்பதோடு பருப்புக்கு ஒரு சவர்க்கார வாடையையும் கொடுப்பதால், என் அடுப்படியில் அதற்கு இடமில்லை. கொண்டைக்கடலைக்குச் சோடாவைவிட உப்பே மேல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புக் கரைத்து இரவில் ஊறவைத்தால், தோலில் உள்ள கால்சியத்தின் இடத்தில் சோடியம் போய் உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் தோல் பட்டுப்போல வெந்திருக்கும். "உப்புப் போட்டால் கடலை வேகாது" என்று என் மாமியார் கடைசிவரை நம்பினார். அவர் எதிரில் நான் ஒருநாளும் இதைச் செய்ததில்லை.

விசிலை எண்ணும் பழக்கத்தையும் கொஞ்சம் விட்டுவிடுங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. குக்கருக்குள் அழுத்தத்தால் அது ஏறக்குறைய 120 டிகிரி வரை போகும், அவ்வளவுதான். முதல் விசில் வந்த பிறகு தீயைக் கூட்டிவைத்தால் சூடு கூடுவதில்லை. ஆவியாகி வெளியேறும் தண்ணீரும் காலியாகும் சிலிண்டரும்தான் மிச்சம். முதல் விசிலோடு தீயைச் சிறிதாக்கி, கடிகாரத்தைப் பார்த்து எட்டு நிமிடம் வையுங்கள். அணைத்த பிறகு அழுத்தம் தானாக இறங்கும் பத்து நிமிடமும் பருப்பு வெந்துகொண்டேதான் இருக்கும். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் அந்த இலவச நேரம் வீணாகிறது. பருப்போடு ஒரு சிட்டிகை மஞ்சளும் அரைக் கரண்டி நல்லெண்ணெயும் சேர்ப்பது வாசனைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். எண்ணெய் நுரையை அடக்கும். நுரை ஆவித்துளையை அடைத்தால் என்ன ஆகும் என்பதை நான் மணமான புதிதில் பார்த்தேன். பாதுகாப்பு வால்வு பிய்த்துக்கொண்டு போய், மேற்கூரையில் விழுந்த மஞ்சள் கறை அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வரை வருவோர் போவோருக்கெல்லாம் காட்சிப்பொருளாக இருந்தது.

இனிப் புளிப்பு. பெக்டினைக் கரையவிடாமல் தடுப்பதில் புளியும் சுண்ணாம்புக்குத் தம்பிதான். சாம்பாரில் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் முக்கால் பதம் வெந்த பின்பே புளித்தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். முதலிலேயே ஊற்றினால் காய் விறைத்துக்கொள்ளும். இதையே நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். உருளைக்கிழங்கோ சேனையோ குழம்பில் கரைந்து கூழாகாமல் துண்டு துண்டாக நிற்க வேண்டுமென்றால், பாதி வெந்தவுடனே புளியைச் சேர்த்துவிடுங்கள். வெண்டைக்காயை வதக்கும்போது ஒரு கரண்டி புளித்தண்ணீர் அல்லது புளித்த மோர் தெளித்தால் கொழகொழப்பு முறியும். வாழைப்பூவையும் வாழைத்தண்டையும் நறுக்கி மோர் கலந்த தண்ணீரில் போடுவதும் இதே குடும்பத்து வழிதான்: காற்றுப் பட்டுக் கறுக்கச் செய்யும் நொதியைப் புளிப்பு முடக்கிவிடுகிறது. கீரைக்கு மட்டும் புளிப்பு எதிரி. வேகும்போது கீரையிலிருந்தே வெளிப்படும் அமிலம் பச்சை நிறத்தைப் பாசி நிறமாக்கும் என்பதால், முதல் சில நிமிடங்களுக்கு மூடி போடாமல் வேகவிட்டு, புளிக்கீரைக் கடைசல் செய்வதானாலும் புளியைக் கடைசியில் சேருங்கள்.

பிழிந்த புளிச்சக்கையைக் குப்பையில் போடாதீர்கள். குக்கரின் அடியில் ஊற்றும் தண்ணீரில் அதில் ஒரு துணுக்கைப் போட்டால், அலுமினிய உட்புறம் கறுப்பதில்லை, சுண்ணாம்பும் படிவதில்லை. மீதிச் சக்கை பித்தளைக் குத்துவிளக்குக்கு ஆகும். தினமும் புளி ஊறவைத்துக் கரைப்பது காலையில் பத்து நிமிடத்தைத் தின்னும் என்பதால், ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டி, உப்பும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கெட்டியாகும்வரை எவர்சில்வர் அல்லது மண் பாத்திரத்தில் காய்ச்சிக் கண்ணாடிப் புட்டியில் எடுத்துவைத்துக்கொள்ளலாம். குளிர்பெட்டியில் வாரக்கணக்கில் இருக்கும். ஈரக் கரண்டி மட்டும் படக்கூடாது.

மாவு விஷயத்தில் கடலூர் உங்களுக்கு உண்மையில் உதவிதான் செய்கிறது. நீங்கள் கோவைக் கடிகாரத்தை இங்கே வைத்துப் பார்க்கிறீர்கள். மாவைப் பொங்கவைப்பவை அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே இருக்கும் நுண்ணுயிர்கள். முப்பது டிகிரிச் சூட்டில் அவற்றுக்குக் கொண்டாட்டம். சித்திரை வைகாசியில் நம் அடுப்படி இரவிலும் அதற்குக் குறையாது என்பதால், மாலை ஆறு மணிக்கு அரைத்த மாவு நள்ளிரவிலேயே பொங்கி முடிந்து, விடியும்போது புளித்து அமுங்கியிருக்கும். கோடையில் இரவு பத்து மணிக்குக் குளிர்ந்த நீர் ஊற்றி அரையுங்கள். உப்பை அப்போதே கரைத்துவிடுங்கள், உப்பு புளிப்பேறுவதைச் சற்று நிதானப்படுத்தும். மார்கழியில் இதற்கு நேர்மாறாக, உப்பைக் காலையில் சேர்த்து, மாவுப் பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள அகன்ற பாத்திரத்துக்குள் இறக்கி மூடிவைக்கலாம். மிக்சியில் அரைப்பவர்களுக்குக் குளிர்நீர் இன்னும் அவசியம், ஏனெனில் அதன் வேகத்தில் உளுந்து சூடேறிவிடும். உளுந்து பதமாக அரைபட்டதா என்று பார்க்க, ஒரு கிண்ணம் தண்ணீரில் சுண்டைக்காய் அளவு மாவை உருட்டிப் போடுங்கள். பஞ்சுபோல மிதந்தால் போதும். மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம் ஓடட்டும். பொங்கிய மாவை முழுவதும் கலக்காமல், அன்றைக்கு வேண்டியதை மட்டும் மேலாக எடுத்துக்கொண்டு மீதியைக் குளிர்பெட்டிக்கு அனுப்புங்கள். முதல் நாள் இட்லி, மூன்றாம் நாள் தோசை, அதற்குமேல் புளித்ததை வெங்காயமும் பச்சைமிளகாயும் இஞ்சியும் வதக்கிச் சேர்த்துக் குழிப்பணியாரமாக ஊற்றிவிடலாம்.

மீன் ஒட்டுவதற்குக் கல்லின் மீது பழி போடாதீர்கள். பெரும்பாலும் ஈரமே காரணம். மசாலா தடவி அரைமணி நேரம் ஊறிய மீனில் கசிந்திருக்கும் நீரை வடித்துவிட்டு, மேலே அரிசிமாவையோ ரவையையோ லேசாகத் தூவுங்கள். கல் நன்றாகக் காய்ந்து, எண்ணெய் ஊற்றி, அந்த எண்ணெய் நெளிந்து ஓடும்போது மீனை வைத்துவிட்டு மூன்று நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அடிப்பாகம் முறுகியவுடன் மீன் தானாகவே கல்லை விட்டுவிடும். தோசைத்திருப்பியை நுழைக்கும்போது எதிர்த்தால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று பொருள். சங்கரா போன்ற மென்மையான மீனுக்குக் கல்லின் மேல் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பரப்பி அதன்மேல் வைத்தால் ஒட்டவும் செய்யாது, வாசமும் ஏறும்.

கவுச்சி வாடை போவதற்கும் பழைய நண்பரான புளிப்பையே அழைக்க வேண்டும். கடல் மீன் நேரமாக ஆக அதில் உண்டாகும் டிரைமெத்திலமின் என்னும், புளிப்புக்கு நேரெதிரான காரத்தன்மை உள்ள பொருள்தான் அந்த வாடை. கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசிக் கழுவிய பிறகு, கடைசித் தண்ணீரில் மட்டும் சிறிது புளியோ எலுமிச்சையோ கரைத்து அலசினால் வாடை அடங்கிவிடும். கையில் நிற்கும் வாடைக்கும் பிழிந்த புளிச்சக்கையே மருந்து. செதில் சுரண்டுவதைத் தண்ணீருக்குள் முக்கியபடி செய்தால் அடுப்படி முழுவதும் வெள்ளிக்காசு தெறிக்காது. நெத்திலிக்குக் கத்தியே வேண்டாம்: தலையை இரு விரலால் கிள்ளிக் கீழ்நோக்கி இழுத்தால் குடலும் சேர்ந்தே வந்துவிடும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை என்பதால், அந்த மாதங்களில் முதுநகர்த் துறைமுகத்தில் மீன் குறையும், விலை ஏறும். அப்போது கருவாட்டைப் பத்து நிமிடம் வெந்நீரில் ஊறவிட்டு, அரிசி கழுவிய தண்ணீரில் இரண்டு முறை அலசிப் பயன்படுத்துங்கள். உப்பும் மண்ணும் போய்விடும்.

காலை நேரத்தை எப்படிப் பிரிப்பது என்பதற்கு என் வழக்கத்தைச் சொல்கிறேன். சின்ன வெங்காயத்தை முந்தைய இரவு செய்தி கேட்டுக்கொண்டே உரித்துவைத்துவிடுவேன். கால்மணி நேரம் தண்ணீரில் ஊறினால் தோல் சட்டையைப்போலக் கழன்றுவிடும். காலையில் குக்கரின் அடித்தட்டில் பருப்பு, அதன்மேல் தட்டில் அரிசி, இரண்டும் ஒரே தீயில் ஏறும். அது இறங்குவதற்குள் இன்னொரு அடுப்பில் இட்லி வெந்துவிடும். இட்லிப் பாத்திரத்தின் மேல்தட்டில் பீன்ஸையோ கேரட்டையோ நறுக்கி வைத்துவிட்டால், பொரியலுக்குத் தாளிப்பதுதான் மிச்சம். தேங்காயை வாரத்துக்கு ஒருமுறை துருவி உறைபெட்டியில் சிறு சிறு பொட்டலங்களாக வைத்துவிடுவேன். உடைத்த மூடியை ஒரு இரவு உறைபெட்டியில் வைத்து வெளியே எடுத்தால் ஓட்டிலிருந்து பருப்பு முழுதாகக் கழன்று வரும் என்பது துருவ நேரமில்லாதவர்களுக்கு உதவும். கத்தி மழுங்கிவிட்டால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அதன் அடியில் மெருகில்லாத சொரசொரப்பான வளையத்தில் நான்கு முறை தீட்டிக்கொள்ளுங்கள். பால் காய்ச்சும் பாத்திரத்தில் முதலில் சிறிது தண்ணீர் ஊற்றிச் சுழற்றிவிட்டால் அடிப்பிடிப்பது குறையும்.

பண்ருட்டிப் பலாவை வீட்டிலேயே அரியப் போகிறீர்கள் என்றால் கைக்கும் கத்திக்கும் நல்லெண்ணெய் தடவாமல் தொடாதீர்கள். அதன் பால் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் விடும். சோப்புப் போட்டுத் தேய்த்தவர்கள் பாதி நாள் விரல்களைப் பிரிக்க முடியாமல் திண்டாடியதை இந்த ஊரில் எல்லாரும் பார்த்திருப்போம்.

குழம்பில் உப்பு மிகுந்தால் உருளைக்கிழங்கைப் போடு, அது உப்பை உறிஞ்சிவிடும் என்கிறார்களே, அதை நம்பாதீர்கள். கிழங்கு உப்புத் தண்ணீரைத்தான் உறிஞ்சுகிறது, உப்பை மட்டும் பிரித்தெடுப்பதில்லை; மீதமுள்ள குழம்பின் கரிப்பு அப்படியே இருக்கும். உப்பில்லாமல் வேகவைத்த பருப்பையோ, அரைத்த தேங்காயையோ, தண்ணீரில் கரைத்த அரிசிமாவையோ சேர்த்து அளவைப் பெருக்குவதைத் தவிர வேறு வழியில்லை. அன்றைக்கு விருந்தாளி யாரையாவது அழைத்துவிடலாம்.

இவை எல்லாவற்றையும்விட நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது தாளிப்பு வடகம். கோவையில் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். கடலூர், புதுச்சேரி வீடுகளில் அது இல்லாத அடுப்படி அரிது. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் நாட்டுக்கு எடுத்துச்சென்று இன்றும் "வடுவான்" என்ற பெயரில் வழங்கும் மசாலா, நம் வடகத்தின் பேரும் உருவும் மாறிய பிள்ளைதான். சித்திரை வெயிலில் ஒரு கிலோ சின்ன வெங்காயத்தையும் கால் கிலோ பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, கடுகு, சீரகம், வெந்தயம், உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு சேர்த்துப் பிசறி ஓரிரவு மூடிவையுங்கள். மறுநாள் உருண்டை பிடித்து வெயிலில் காயவைத்து, மாலையில் உதிர்த்து மீண்டும் மூடி, காலையில் மீண்டும் உருட்டிக் காயவைக்க வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து விளக்கெண்ணெய் தொட்டு உருட்டினால் பூச்சி அண்டாது. எட்டு முதல் பத்து வெயில் கண்ட உருண்டை கல்போல இறுகிக் கருமை ஏறியிருக்கும்.

அந்த உருண்டையிலிருந்து ஒரு நெல்லிக்காய் அளவு கிள்ளிக் காய்ந்த நல்லெண்ணெயில் போட்டால், வெங்காயம் உரிக்காமல், பூண்டு நறுக்காமல், அஞ்சறைப்பெட்டியைத் திறக்காமல் ஒரு குழம்பின் தாளிப்பு அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு, எங்கள் தெருவில் பல நாள் மின்சாரம் இல்லை. மிக்சி இல்லை, குளிர்பெட்டி இல்லை, கடைத்தெருவில் காய் இல்லை. பரணில் இருந்த வடகப் பானையும், ஒரு கட்டுக் கருவாடும், புளியும் வைத்துக்கொண்டு ஏழு பேருக்கு இரண்டு வேளையும் குழம்பு வைத்தேன். நான்காம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் கிண்ணத்தை நீட்டி, "அக்கா, அந்த வாசனை வருகிறதே, அதில் கொஞ்சம்" என்று கேட்டார்.

மழைக்காலத்தில் வடகம் நமுத்துவிடாமல் இருக்க மண்பானையின் வாயைத் துணியால் கட்டி, மாதம் ஒருமுறை வெயில் கண்டவுடன் எடுத்துக் காயவையுங்கள். உப்பு கட்டியாகிறது என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கும் காரணம் அதே ஈரக்காற்றுதான். கடல் உப்பில் சிறிதளவு கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. கல்லுப்பைப் பீங்கான் ஜாடியில் மூடிவைத்துக்கொண்டு, தூள் உப்புப் புட்டியில் மட்டும் வறுத்த அரிசி பத்துப் பதினைந்து மணி போட்டுவிடுங்கள்.